சுமை எங்கே இறங்குகிறது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட். பெயர் வேண்டாம். வரவேற்பறையில் நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு சாய்வு நாற்காலி. தேக்கு மரம், பிரம்பு பின்னிய முதுகு. கைகள் இரண்டும் முழங்காலைத் தாண்டி நீண்டு, துடுப்பு மாதிரி அகன்றிருந்தன. காலைத் தூக்கி அதன் மேல் போட்டுக்கொள்ளலாம். எஸ்டேட் துரைகளும் ஜில்லா கலெக்டர்களும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மல்லாந்து கிடந்தார்களே, அதே ரகம். சித்திரை மாதம் இரண்டு மணி வெயிலில் வந்தவனுக்கு அதைப் பார்த்ததுமே பாதி உடம்பு சாய்ந்துவிட்டது.

மீதி உடம்பு சாய்வதற்குள் பலகையைப் பார்த்தேன். 'தயவுசெய்து உட்கார வேண்டாம்.'

பக்கத்தில் ஒரு பித்தளைக் கூஜா, கிராமபோன் குழாய், ஓடாத சுவர்க் கடிகாரம். எல்லாவற்றுக்கும் மேலே ஏஸி மட்டும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

என்னோடு வந்தவன் அக்கா மகன். அணுபுரத்தில் குடியிருக்கிறான். அணுபுரம் தெரியுமில்லையா? கல்பாக்கத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே, அணுசக்தித் துறை ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்பு. தொழிலைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர். பையன் இன்ஜினீயர். கலை, இலக்கியம் என்று பேச்செடுத்தால் செல்போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுகிற ஜாதி. பலகையைப் படித்துவிட்டு, “இது சேர் இல்ல மாமா. சேரோட போட்டோ” என்றான்.

இத்தனை வருடமாக விமர்சனம் என்ற பெயரில் நான் எழுதிய எதுவும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

வெளியே வரும்போது இன்னொன்றும் சொன்னான். “கேட்ல ஒரு வாட்ச்மேன் நிக்கிறாரே... அவருக்கு ஒரு ஸ்டூல்கூட இல்ல, கவனிச்சீங்களா?”

கவனிக்கவில்லை. நான்தான் கலை ரசிகனாயிற்றே, நாற்காலியைக் கவனித்துக்கொண்டிருந்தேன்!

இந்த இரண்டு வாக்கியங்களையும் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த இரண்டு நாள் அவனையும் இழுத்துக்கொண்டு மாமல்லபுரத்தைச் சுற்றினேன். நம் பழைய சிற்பிகளும் தச்சர்களும் கொத்தனார்களும் சுகம் என்றால் என்னவென்று நினைத்தார்கள்? தேடிப் பார்த்தால் விசித்திரமான பதில்கள் கிடைக்கின்றன.

* * *

கலங்கரை விளக்கத்தை ஒட்டிய குன்றில் இருக்கிறது மகிஷாசுரமர்த்தினி குகை. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. எல்லோரும் போவது துர்க்கையைப் பார்க்க. சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு பாய்கிறாள். எருமைத் தலை அசுரன் பின்னால் சாய்கிறான். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. நீங்கள் அப்படியே திரும்பி, எதிர்ச் சுவரைப் பாருங்கள்.

அங்கே பெருமாள் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

ஆதிசேஷனின் உடம்புதான் மெத்தை. அதன் ஐந்து தலைகளும் விரிந்து குடை. காலடியில் மது, கைடபன் என்ற இரண்டு அசுரர்கள் மோதத் தயாராக நிற்கிறார்கள். எதிர்ச் சுவரிலோ பெரிய போர். இத்தனைக்கும் நடுவில் தூங்குகிறவர் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

“பாம்பு மேல படுத்தா எப்படி மாமா தூக்கம் வரும்?” என்றான் மருமகன்.

நியாயமான கேள்வி. இன்றைக்கு ஒரு மெத்தை விளம்பரத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளை விரிப்பு, வெள்ளைத் திரைச்சீலை, சாத்திய ஜன்னல், சிரித்தபடி தூங்கும் ஒரு பெண். வேறு ஈ, காக்காய் இல்லை. தொந்தரவு என்று எதெல்லாம் உண்டோ அத்தனையையும் படத்திலிருந்து வெளியே தள்ளினால் மிஞ்சுவதுதான் நம் காலத்துச் சுகம். பல்லவச் சிற்பி நேர்மாறாக யோசித்திருக்கிறான். தொந்தரவு அத்தனையையும் படத்துக்குள் வைத்துவிட்டு, நடுவில் ஒருவரைத் தூங்க வைக்கிறான். எதைக் கண்டால் மனிதன் அலறி ஓடுவானோ அந்தப் பாம்பையே மெத்தையாகப் போட்டுவிடுகிறான். படுக்கையைப் பற்றி இதைவிடத் துணிச்சலான கற்பனை எனக்குத் தெரிந்து இல்லை.

துணிச்சலைவிட முக்கியமான ஒன்றும் அதில் இருக்கிறது. இந்த மெத்தைக்கு முகம் உண்டு. ஒன்றல்ல, ஐந்து. தூங்குகிறவரைப் பார்க்கும்போது அவரைத் தாங்குகிறவரையும் பார்த்தே ஆகவேண்டும். தப்பிக்க முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குன்றிலிருந்து இறங்கிக் கடற்கரைக் கோயிலுக்குப் போனால் அங்கேயும் ஒரு பள்ளிகொண்ட பெருமாள். இரண்டு சிவன் சந்நிதிகளுக்கு நடுவே, இருந்த இடத்துப் பாறையிலேயே செதுக்கிய உருவம். ஊருக்குள் ஸ்தலசயனப் பெருமாள் கோயிலுக்கு வந்தால், பாம்பும் இல்லை, பாறையும் இல்லை. வெறும் தரை. அதனால்தான் அந்தப் பெயரே.

தலபுராணம் அழகான கதை சொல்கிறது. புண்டரீக மகரிஷி தாமரைப் பூக்களைப் பறித்துக்கொண்டு பாற்கடலுக்குப் போய்ப் பெருமாள் காலடியில் போடவேண்டும் என்று கிளம்புகிறார். எதிரே இந்தக் கடல் மறிக்கிறது. சரி, இறைத்துவிடலாம் என்று கையால் அள்ளி அள்ளி இறைக்கிறார். ஒரு கிழவர் வந்து, “பசிக்கிறது, ஏதாவது சாப்பாடு கொண்டுவா, அதுவரைக்கும் நான் இறைக்கிறேன்” என்கிறார். மகரிஷி திரும்பி வந்து பார்த்தால், கிழவர் அந்தப் பூக்களைச் சூடிக்கொண்டு தரையிலேயே படுத்திருக்கிறார், பெருமாளாக. அடியவன் கை வலிக்கும்போது பாம்பணையாவது, பாற்கடலாவது! இருந்த இடத்தில் அப்படியே படுத்தாயிற்று.

ஒரே ஊரில், நடந்தே பார்க்கும் தூரத்தில் மூன்று படுக்கைகள். பாம்பு, பாறை, தரை. மூன்றில் ஒன்றுகூட பஞ்சு மெத்தை இல்லை.

இதே மாமல்லபுரத்தில் பிறந்தவராகச் சொல்லப்படும் பூதத்தாழ்வாருக்கும் இந்த விஷயத்தில் ஒரு பங்கு உண்டு. மழை ராத்திரி. திருக்கோவலூரில் ஒரு வீட்டு இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கிப் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்கிறார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் உட்காரலாமே என்று எழுந்து உட்கார்கிறார்கள். மூன்றாவதாகப் பேயாழ்வார் வருகிறார். இருவர் உட்காரும் இடத்தில் மூவர் நிற்கலாமே என்று எழுந்து நிற்கிறார்கள். அப்போதுதான் நாலாவதாக யாரோ நெருக்குவது தெரிகிறது. அது யார் என்பதுதான் கதை. ஒரு அறை எத்தனை சதுர அடி என்று நாம் கேட்கிறோம். இந்தக் கதை அதே அறையில் இன்னும் எத்தனை பேர் என்று கேட்கிறது. ஆள் ஏற ஏற உடம்புக்கு வசதி குறைகிறது. ஆனால் நாலாவது ஆள் வந்து சேர்ந்தது அந்த நெருக்கடியில்தான்!

* * *

அர்ஜுனன் தபசு என்றும் பகீரதன் தபசு என்றும் பண்டிதர்கள் சண்டை போடுகிற அந்தப் பெரிய பாறைக்கு வந்தோம். தேவர்கள், முனிவர்கள், நாகர்கள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. நான் எப்போது போனாலும் முதலில் தேடுவது ஒரு மானை. பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. அவ்வளவுதான். தலைக்கு மேலே கங்கை இறங்குகிறாள், உலகமே கைகூப்பி நிற்கிறது. அதற்கு மூக்கு அரிக்கிறது, சொறிந்துகொள்கிறது. பெரிய யானையின் காலடி நிழலில் குட்டிகள் ஒண்டியிருக்கின்றன. சொறிவதும் நிழலில் ஒண்டுவதும்தான் உயிர்களின் ஆதிச் சுகம் என்று அந்தச் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். முன்னால் இருக்கும் தூண்களெல்லாம் பிற்பாடு விஜயநகர காலத்தில் எழுப்பியவை. உள்ளே பல்லவர் வேலை. கிருஷ்ணன் கோவர்த்தன மலையைக் கையால் தாங்கி நிற்கிறான். கீழே ஒருவன் மாட்டில் பால் கறக்கிறான். பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. வெளியே ஊழிக்காலத்து மழை, தலைக்கு மேல் ஒரு மலை. பால் கறப்பவன் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் இருப்பது போல இருக்கிறான்.

மருமகன் இங்கேதான் முதல் தடவையாகச் செல்போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான். “இது கரெக்ட் மாமா” என்றான்.

“எது?”

“எந்த டிசைனா இருந்தாலும் நாங்க முதல்ல கேக்கற கேள்வி, லோடு எங்க போய் இறங்குதுன்னுதான். கூரை சுவர்ல, சுவர் அஸ்திவாரத்துல, அஸ்திவாரம் மண்ணுல. இந்த ஆள் அதை மறைக்கல. மலையோட சுமை எங்க இறங்குதுன்னு அந்தக் கையைக் காட்டிட்டான்.”

நான் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தது இதுதான். பாம்புக்கு முகம் வைத்ததும், மலைக்குக் கீழே கை வைத்ததும் ஒரே புத்தி. ஒருத்தர் சுகமாக இருந்தால் அதைத் தாங்குகிற இன்னொருத்தர் கட்டாயம் இருக்கிறார். அவரைப் படத்தில் சேர்த்துக்கொள்வது நேர்மை. சேர்க்காமல் விட்டால், சிற்பம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கணக்கு இடிக்கிறது.

* * *

இந்த நேர்மை கல்லில் மட்டும் இல்லை. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை இருக்கிறதே, தமிழில் ஒரு கட்டிலை அதைவிட விரிவாக வர்ணித்த பாட்டு உண்டா என்று தெரியவில்லை. பாண்டிமாதேவியின் வட்டக் கட்டில். யானைத் தந்த வேலைப்பாடு, அன்னப்பறவையின் தூவி அடைத்த மெத்தை. இன்டீரியர் டெக்கரேட்டர்கள் மனப்பாடம் செய்யவேண்டிய பகுதி. ஆனால் அந்தத் தந்தம் யாருடையது என்றும் நக்கீரர் சொல்லிவிடுகிறார். நாற்பது வயது நிரம்பிய யானை. போரில் பொருது விழுந்தது. அப்பேர்ப்பட்ட கட்டிலில் ராணிக்குத் தூக்கம் வரவில்லை, அழுதுகொண்டிருக்கிறாள். அவள் புருஷன் பாசறையில். வாடைக் காற்றில், நடுராத்திரியில், காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். தமிழின் மிக உயர்ந்த மெத்தையில் யாரும் தூங்கவில்லை, பாருங்கள்!

மிகக் கரடான படுக்கையில் என்ன நடந்தது? அதற்குப் புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசலுக்குப் போகவேண்டும். ஓவியத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுவார்கள். குன்றின் மேல் ஏறி, மறுபக்கச் சரிவில் ஏழடிப்பட்டம் என்ற இயற்கைக் குகைக்குப் போய்ப் பாருங்கள். தரையில் 17 கற்படுக்கைகள். 2000 வருடங்களுக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்தும் அங்கே இருக்கிறது. சமண முனிவர்கள் தங்கித் தவம் செய்த இடம். வீடு, வாசல், சொந்தம் எல்லாவற்றையும் துறந்தவர்கள். உடம்பை வருத்துவதையே நெறியாகக் கொண்டவர்கள். அவர்களுக்கு வெட்டிய படுக்கையில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. தலைமாட்டில் கல் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. தலையணை!

சுகமே வேண்டாம் என்றவருக்கு யாரோ ஒரு கொத்தன் தலையணை வெட்டியிருக்கிறான். முனிவர் கேட்டிருக்க மாட்டார். இவனுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. வேறு சில குகைகளில் நெற்றிப் பகுதியில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள், மழைத் தண்ணீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டுவதற்கு.

யார் செலவில்? அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். மதுரைப் பக்கத்து அழகர்மலைக் குகையில் உள்ள கல்வெட்டுகள் கொடை தந்தவர்களைச் சொல்கின்றன. உப்பு வணிகர் ஒருவர், துணி வணிகர் ஒருவர், கொழு விற்பவர் ஒருவர் என்று பட்டியல். ஐராவதம் மகாதேவன் போன்ற அறிஞர்கள் வாழ்நாளைச் செலவழித்துப் படித்துச் சொன்ன எழுத்துகள் இவை. ராஜாக்கள் பெயர் மட்டும் கல்லில் ஏறிய நாட்டில், உப்பு விற்ற ஒரு மனிதர் இன்னொருவர் தூங்குவதற்குக் கொடுத்தார் என்பதும் ஏறியிருக்கிறது. இங்கேயும் சுமை எங்கே இறங்கியது என்பதற்கு ரசீது இருக்கிறது.

* * *

அப்புறம்தான் வெள்ளைக்காரன் நாற்காலி வருகிறது.

அந்த நீளக் கை நாற்காலியை வடிவம் என்று மட்டும் பார்த்தால் குறை சொல்லவே முடியாது. பிரம்பு முதுகில் காற்று புகும். சாய்வின் கோணம் இடுப்புக்கு இதம். நம் சீதோஷ்ணத்துக்குப் பிறந்த வடிவம். நம்மவர்கள் அதைத் துணி ஈஸி சேராக மாற்றிக்கொண்டார்கள். ரிடையரான தாத்தாக்கள் அதில் படுத்துப் பேப்பர் படித்தார்கள். பேரன்கள் கட்டையை உருவித் தாத்தாவைத் தரையில் தள்ளினார்கள். நானும் தள்ளியிருக்கிறேன். பாவம், அவர் அடிக்கக்கூட இல்லை.

ஆனால் துரையின் நாற்காலி தனியாக வேலை செய்யாது. மேலே உத்தரத்திலிருந்து ஒரு பங்கா தொங்கும். மரச்சட்டத்தில் கட்டிய நீளத் துணி. அதன் கயிறு சுவரிலுள்ள ஓட்டை வழியாக வெளியே தாழ்வாரத்துக்குப் போகும். அந்த முனையில் ஒரு மனிதன் ராத்திரியும் பகலும் இழுத்துக்கொண்டிருப்பான். கை ஓய்ந்தால் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு இழுப்பான். அவன் கண்ணயர்ந்தால் காற்று நிற்கும், உள்ளே இருப்பவர் விழித்துக்கொள்வார். தூங்கிவிட்டான் என்று பங்கா இழுப்பவர்களை அடித்து, சிலர் செத்தே போன வழக்குகள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பேசப்பட்டிருக்கின்றன.

அந்த வீட்டில் நான் பார்க்கிற முக்கியமான டிசைன் நாற்காலி இல்லை. சுவரில் போட்ட ஓட்டை. காற்று வரவேண்டும், ஆள் தெரியக்கூடாது. ஆதிசேஷனின் முகத்தை அழித்துவிட்டுப் படுக்கையை மட்டும் வைத்துக்கொண்ட வேலை அது.

இன்னும் தூரமாகவும் சுமையை இறக்கினார்கள். சென்னை மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் சொல்லும் ஐஸ் ஹவுஸ் 1842-ல் கட்டியது. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து இங்கே அடுக்கினார்கள். துரையின் கோப்பையில் ஒரு துண்டு மிதப்பதற்காக! கற்பனையில் இதுவும் ஆதிசேஷனுக்குக் குறைந்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோப்பையைக் கையில் எடுத்தவருக்கு, அந்த ஏரியில் விறைத்த கைகளைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தத் தூரமும் அவர் வாங்கிய சுகத்தில் ஒரு பகுதி.

இப்போது அந்த ரிசார்ட் வரவேற்பறைக்குத் திரும்பி வாருங்கள். துரை போய்விட்டார். பங்கா இழுத்தவர் போய்விட்டார். நாற்காலி மட்டும் வார்னிஷ் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. 'பழமையின் சுகம்' என்று நமக்கு விற்பது இதைத்தான். தாங்கினவரை முதலில் மறைத்தார்கள், இப்போது சாய்ந்தவரையும் எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது போட்டோ.

பழைய பொருள்களை இப்படித்தான் வைக்கவேண்டும் என்று சட்டமில்லை. அதே சாலையில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996-ல் திறந்தது. தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். மியூசியம்தான், ஆனால் அங்கே திண்ணையில் உட்காரலாம். உட்கார்ந்து பார்த்தால்தான் திண்ணை யாருக்காகக் கட்டியது என்று புரியும். வீட்டுக்காரனுக்கு உள்ளே இடம் இருக்கிறது. திண்ணை வழிப்போக்கனுக்கு. பல ஊர்களில் திண்ணையின் ஒரு ஓரத்தில் சுண்ணாம்புக் காரையிலேயே சரிவாக ஒரு திண்டு வைத்திருப்பார்கள், தலை வைத்துக்கொள்ள. பெயர் தெரியாதவனுக்கு ஒரு தலையணை. சமணக் குகையில் தலைமாட்டை உயர்த்திய கொத்தனின் பேரப்பிள்ளைகள் கட்டியது என்று வைத்துக்கொள்ளலாம்.

* * *

கடைசியாக, தமிழர்கள் செய்த வசதிகளிலேயே எனக்கு உச்சமாகத் தோன்றும் ஒன்றைச் சொல்கிறேன். அதற்கு மெத்தை இல்லை, முதுகு இல்லை. அதில் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது.

சுமைதாங்கிக் கல்.

ஸ்ரீதர் 1962-ல் இந்தப் பெயரில் படம் எடுத்ததால் வார்த்தை எல்லோருக்கும் தெரியும். கல்லைப் பார்த்தவர்கள் குறைவு. பழைய நடைபாதை ஓரங்களில் இரண்டு கற்களை நட்டு, குறுக்கே ஒரு கல்லைப் போட்டிருப்பார்கள். ஏறக்குறைய தோள் உயரம். விறகுக் கட்டோ புல்லுக் கட்டோ மீன் கூடையோ தலையில் வைத்து வருகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. தனியாக இறக்க முடியாது. இறக்கினாலும் தனியாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. இன்னொரு கை வேண்டும். அத்துவானக் காட்டில் கைக்கு எங்கே போவது? இந்தக் கல்தான் அந்தக் கை. குனிய வேண்டாம். நின்றபடியே சுமையைக் கல்லுக்கு நகர்த்தலாம். மூச்சு வாங்கிக்கொண்டு, நின்றபடியே திரும்பத் தலைக்கு நகர்த்தலாம்.

ஏன் நட்டார்கள் தெரியுமா? கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக. வயிற்றுச் சுமையை இறக்காமலே போய்விட்டாளே என்று அந்த வீட்டார் நடுவார்கள். அவள் இறக்க முடியாததை, வழியில் போகிற யாரோ இறக்கி வைக்கட்டும் என்று. துக்கத்தை இவ்வளவு உபயோகமான பொருளாக வேறு யாராவது மாற்றியிருக்கிறார்களா?

மகிஷாசுரமர்த்தினி குகையில், தாங்குகிறவருக்கு முகம் கொடுத்தார்கள். இங்கே ஒரு படி மேலே போய், தாங்குகிறவருக்கே சுகத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

மனிதர்களோடும் நிற்கவில்லை. நம் முன்னோர் சொன்ன 32 அறங்களில் ஆவுரிஞ்சுதறி என்று ஒன்று வரும். மேய்ச்சல் நிலத்திலும் நீர்நிலைப் பக்கத்திலும் ஒரு கல்லையோ தூணையோ நட்டு வைப்பது. எதற்கு? மாடு முதுகைச் சொறிந்துகொள்ள! மானுக்குக் கால் எட்டுகிறது, மூக்கைச் சொறிந்துகொள்கிறது. நாளெல்லாம் ஏர் இழுக்கும் மாட்டுக்கு முதுகு எட்டாது. அதற்கு அரிக்குமே என்று ஒருவர் யோசித்திருக்கிறார். அந்த யோசனையைத் தண்ணீர்ப் பந்தலுக்குச் சமமான தர்மம் என்று இன்னொருவர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்.

இதையெல்லாம் சொல்லி, 'ஆஹா, தமிழன் அன்றே...' என்று மார் தட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அந்தத் திண்ணைகளில் எல்லோரையும் உட்கார விட்டார்களா என்று கேட்டால் தலை குனியத்தான் வேண்டும். சாதி பார்த்துத்தான் இடம் கொடுத்தார்கள். சுமைதாங்கிக் கல் நட்டவர்கள், அந்தப் பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் எவ்வளவு ஓய்வு கொடுத்தார்கள் என்றும் கேட்கலாம். செத்த பிறகு கல் நடுவது சுலபம்.

நாம் மட்டும் என்ன? தி.நகரில் நாலு மாடி, ஐந்து மாடி ஜவுளிக் கடைகளில் பட்டுப்புடவை எடுத்திருப்பீர்கள். உங்களுக்கு ஸ்டூலோ சோபாவோ உண்டு. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் புடவையை விரித்துக் காட்டும் பெண்கள் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே இருந்தார்கள். 2010-ல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' வந்தபோது அதைத் திரையில் பார்த்துக் கண்ணீர் விட்டோம். அடுத்த தீபாவளிக்கு அதே கடைக்குப் போனோம். வேலை நேரத்தில் உட்கார ஒரு இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று 2018-ல் கேரளம் சட்டம் கொண்டுவந்தது. 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றமும் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. உட்கார்வதற்குச் சட்டம்! 2000 வருடங்களுக்கு முன்பு துறவிக்குத் தலையணை வெட்டிய நாட்டில், ஒரு பெண் நாற்காலியில் உட்கார சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது. சட்டம் வந்தது நல்லதுதான். அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்காருகிறார்களா என்று எட்டிப் பாருங்கள். அதுவும் கலை விமர்சனம்தான்.

* * *

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலை ஏழரை மணிக்கு மருமகன் நைட் ஷிப்ட் முடிந்து அணுபுரம் வீட்டுக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கண்ணுக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தான். வெளியே நல்ல வெயில். தெருவில் ஸ்கூல் பிள்ளைகள் சத்தம்.

கல்பாக்கத்தில் அணுமின்சாரம் 1980-களிலிருந்து உற்பத்தியாகிறது. நீங்களும் நானும் ஏஸியைப் போட்டுக்கொண்டு போர்த்திப் படுக்கிறோமே, அந்தக் கம்பியின் மறுமுனையில் எங்கோ ஒருவர் ராத்திரி முழுக்க மீட்டரைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறார். பங்காக் கயிறு தாழ்வாரத்தோடு நின்றது. நம் கயிறு நீளம், அதனால் மறுமுனை இன்னும் தெரியாமல் போய்விட்டது. சம்பளம் வாங்குகிறார், வீடு இருக்கிறது, யாரும் அடிப்பதில்லை. பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தத் துண்டு போர்த்திய முகத்தைப் பார்த்தபோது, நான் முகமே தெரியாத ஒரு மெத்தையில் இத்தனை வருடம் தூங்கிக்கொண்டிருந்தது உறைத்தது.

தூங்கிவிட்டான் என்று நினைத்து மெதுவாகப் பையை எடுத்தேன். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “மாமா, சென்னை போனதும் மறக்காம உங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்கு முதுகு வச்ச சேர் இருக்கான்னு பாருங்க.”

வந்து பார்த்தேன். ஸ்டூல்தான் இருந்தது. அதிலும் ஒரு கால் ஆட்டம். ஆறு வருடமாக அந்தக் கேட் வழியாகத்தான் போய் வருகிறேன்.

மறுநாள் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டோம். தேக்கு இல்லை, பிரம்பு இல்லை. சாதாரண பிளாஸ்டிக். பலகை எதுவும் மாட்டவில்லை.

உங்கள் வாசலில் என்ன இருக்கிறது?